பூப்பாகு

பூப்பாகு என்பது உண்ணத்தக்க மலர்களின் நிறத்தையும் மணத்தையும் நீரில் இறக்கி, அதனுடன் சர்க்கரையும் புளிப்பும் சேர்த்து, தேனின் பதம் வரும்வரை காய்ச்சி எடுக்கப்படும் இனிப்புப் பாகு ஆகும். தோற்றத்திலும் பதத்திலும் தேனை ஒத்திருப்பதால், சில நாடுகளில் இதனைத் தேன் என்னும் சொல்லைச் சேர்த்தே வழங்குகின்றனர். எனினும் இதன் ஆக்கத்தில் தேனீக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆகவே இது தேன் அன்று. தேனைப் போன்ற ஒரு பாகு மட்டுமே. தமிழ்நாட்டில் இதற்கு நெருங்கியவையாக இலுப்பைப்பூப் பாகு, சித்த மருத்துவத்தின் மணப்பாகுகள், குல்கந்து ஆகியவற்றைக் குறிப்பிடலாம்.

தேன் உருவாகும் முறை

பூப்பாகு எதனைப் பின்பற்றுகிறது என்பதை அறிய, தேன் எவ்வாறு உருவாகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும். மலர்களில் சுரக்கும் மது நீர்த்த சர்க்கரைக் கரைசல் ஆகும். இதில் பெரும்பாலும் சுக்குரோசு, குளுக்கோசு, புருக்டோசு என்னும் மூன்று சர்க்கரைகள் இருக்கும். வேலைக்காரத் தேனீ இம்மதுவை உறிஞ்சித் தன் தேன்பையில் சேர்க்கும்போது, இன்வர்ட்டேசு என்னும் நொதி அதனுடன் கலக்கிறது. இந்நொதி சுக்குரோசைக் குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் பிளக்கிறது. பின்னர்க் கூட்டிலுள்ள தேனீக்கள் மதுவை வாயிலிருந்து வாய்க்கு மாற்றியும், சிறகுகளை அசைத்துக் காற்றோட்டம் உண்டாக்கியும் நீரை ஆவியாக்குகின்றன. நீரின் அளவு ஏறத்தாழ 18 விழுக்காடாகக் குறைந்தபின் அறைகள் மெழுகால் மூடப்படுகின்றன.

இவ்வாறு உருவாகும் தேனில் புருக்டோசு ஏறத்தாழ 38 விழுக்காடும், குளுக்கோசு ஏறத்தாழ 31 விழுக்காடும் இருக்கும். சுக்குரோசு மிகக் குறைவாகவே எஞ்சும். இவை தவிர கரிம அமிலங்கள், நொதிகள், மகரந்தத் துகள்கள், மணப்பொருட்கள் ஆகியனவும் சிறு அளவில் உண்டு.

தேன் பதத்தின் வேதியியல்

வெறும் சர்க்கரையை நீரில் கரைத்துக் காய்ச்சினால் தேன் போன்ற நிலையான பாகு கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் சுக்குரோசின் கரைதிறன் ஆகும். 20 பாகை செல்சியசு வெப்பநிலையில் 100 கிராம் நீரில் ஏறத்தாழ 200 கிராம் சுக்குரோசே கரையும். அதாவது கரைசலின் எடையில் ஏறத்தாழ 67 விழுக்காட்டுக்கு மேல் சுக்குரோசு கரைந்த நிலையில் நிற்காது. தேனிலோ சர்க்கரையின் அளவு 80 விழுக்காட்டை ஒட்டி அமைகிறது. அவ்வளவு அடர்த்திக்குக் காய்ச்சிய வெறும் சர்க்கரைப் பாகு ஆறியதும் படிகமாகிவிடும். இதையே சமையலறையில் "பாகு பூத்துவிட்டது" என்பர்.

புருக்டோசு சுக்குரோசைவிட மிகுதியாக நீரில் கரையக்கூடியது. குளுக்கோசும் புருக்டோசும் கலந்த கரைசல் எளிதில் படிகமாவதில்லை. எனவே தேன் பதம் வேண்டுமாயின் சுக்குரோசில் ஒரு பகுதியாவது பிளவுபட வேண்டும். தேனீ நொதியால் செய்யும் இவ்வேலையை மனிதர் அமிலத்தாலும் வெப்பத்தாலும் செய்கின்றனர். எலுமிச்சைச் சாறு சேர்த்துச் சர்க்கரைப் பாகைக் கொதிக்கவிடும்போது சுக்குரோசு நீராற்பகுப்பு அடைந்து குளுக்கோசாகவும் புருக்டோசாகவும் மாறுகிறது. சுக்குரோசுக் கரைசல் முனைவுற்ற ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும். பிளவுபட்டபின் கிடைக்கும் கலவை அதனை இடப்புறம் திருப்பும். இத்தலைகீழ் மாற்றத்தை முன்னிட்டே இக்கலவைக்கு "எதிர்மாற்றுச் சர்க்கரை" என்னும் பொருள்படும் பெயர் அமைந்தது.

இதிலிருந்து ஓர் உண்மை புலப்படும். பெரும்பாலான பூப்பாகுகளில் மலர் தருவது நிறமும் மணமும் மட்டுமே. இனிப்பு கரும்புச் சர்க்கரையிலிருந்தும், தேன் போன்ற பதம் அமிலத்திலிருந்தும் வருகின்றன.

பிற நாடுகளில்

மத்திய ஐரோப்பாவில், குறிப்பாக செருமனி, ஆசுத்திரியா, செக் குடியரசு ஆகிய நாடுகளில், சீமைக் காட்டுமுள்ளங்கி எனப்படும் மஞ்சள் நிறப் பூவிலிருந்து வீடுகளில் பாகு காய்ச்சும் வழக்கம் உள்ளது. டேண்டெலியன் என்று பரவலாக அறியப்படும் இச்செடியின் மலர்களை இளவேனிற்காலத்தில் பறித்து நீரில் வேகவைத்து, வடித்த நீருடன் எலுமிச்சையும் சர்க்கரையும் சேர்த்து நெடுநேரம் காய்ச்சுவர். பேச்சுவழக்கில் இது "டேண்டெலியன் தேன்" எனப்பட்டாலும், ஐரோப்பியச் சட்டப்படி அப்பெயரில் விற்க இயலாது. பிரான்சின் பிராஞ்சு-கோந்தே பகுதியில் இதையொத்த ஒரு பண்டம் "கிரமயோத்து" எனப்படுகிறது.

வட அமெரிக்காவில், சிறப்பாக அலாசுக்காவில், வெண்ணிற, செந்நிறக் குளோவர் மலர்களையும் ஃபயர்வீடு என்னும் காட்டுச் செடியின் மலர்களையும் பயன்படுத்துவர். அங்குச் சர்க்கரைப் பாகில் எலுமிச்சைக்குப் பதிலாகச் சிறிது படிகாரம் சேர்த்துக் கொதிக்கவிட்டு, சூடான பாகில் மலர்களை ஊறவைத்து வடிப்பர். படிகாரம் நீரில் கரையும்போது கரைசல் அமிலத்தன்மை அடைவதால், எலுமிச்சை செய்யும் அதே வேலையை அதுவும் செய்கிறது.

மலர்களே இல்லாமல் பீட்டுக்கிழங்குச் சர்க்கரையிலிருந்து ஆலைகளில் செய்யப்பட்ட "செயற்கைத் தேன்" செருமனியில் 20 ஆம் நூற்றாண்டின் போர்க்காலங்களில் ரொட்டியில் தடவி உண்ணும் மலிவான உணவாக விளங்கியது. இன்று அப்பண்டம் அங்கே தேன் என்னும் சொல் இல்லாத பெயரில், எதிர்மாற்றுச் சர்க்கரைக் களிம்பு என்னும் பொருளில் விற்கப்படுகிறது.

தமிழ்நாட்டில்

இலுப்பைப்பூ

"ஆலை இல்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை" என்பது தமிழில் பரவலாக வழங்கும் பழமொழி. இங்கு ஆலை என்பது கரும்பு ஆலையைக் குறிக்கும். உயர்ந்தது கிடைக்காத இடத்தில் கிடைத்ததே உயர்ந்ததாகக் கொள்ளப்படும் என்னும் பொருளில் இது ஆளப்படுகிறது. ஆனால் பழமொழியின் நேர்ப்பொருளும் உண்மையே ஆகும்.

இலுப்பை மரத்தின் பூவிதழ்கள் தடித்துச் சதைப்பற்றுடன் இருக்கும். உலர்ந்த இலுப்பைப்பூவின் எடையில் பாதிக்கும் மேற்பட்டது சர்க்கரையே. அச்சர்க்கரையிலும் குளுக்கோசும் புருக்டோசும் கணிசமாக உள்ளன. எனவே மற்றப் பூக்களைப் போலன்றி, இலுப்பைப்பூவுக்கு வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்க வேண்டியதில்லை. பூப்பாகு வகைகளில் தன் இனிப்பைத் தானே கொண்டுவருவது என்னும் சிறப்பு இதற்கு உண்டு.

இலுப்பை பங்குனி, சித்திரை மாதங்களையொட்டிப் பூக்கும். பூக்கள் பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் உதிரும். மரத்தடியைப் பெருக்கித் தூய்மை செய்து, விடிந்ததும் பொறுக்கி எடுப்பர். பூவினுள் உள்ள கேசரங்களை நீக்கி, கழுவி, நீர் விட்டு வேகவைத்துப் பிழிந்து வடிப்பர். வடிநீரைச் சிறுதீயில் சுண்டக் காய்ச்சினால் பழுப்பு நிறப் பாகு கிடைக்கும். பூவின் தனித்த வாடை இப்பாகில் இருக்கும். அது எல்லோருக்கும் உவப்பாக இருப்பதில்லை. பழமொழியில் தொனிக்கும் குறைமதிப்புக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மத்திய இந்தியாவில் மகுவா எனப்படும் நெருங்கிய இன மரத்தின் பூக்கள் பழங்குடி மக்களின் முக்கிய உணவாகவும் வருவாயாகவும் உள்ளன. அவற்றிலிருந்து சாராயமும் வடிக்கப்படுகிறது. இச்சாராயத்தைக் கட்டுப்படுத்த, பூக்களைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் வரையறுக்கும் சட்டம் ஒன்றைப் பம்பாய் மாகாண அரசு 1892 இல் இயற்றியது. ஒரு பூவின் சர்க்கரையை முன்னிட்டுச் சட்டமே தேவைப்பட்டது என்பது அதன் இனிப்பின் அளவைக் காட்டும்.

தமிழகத்தில் இலுப்பை பெரிதும் அதன் வித்திலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காகவே அறியப்பட்டது. கோயில் விளக்குகளுக்கு இவ்வெண்ணெய் பயன்பட்டது. மயிலாடுதுறைப் பகுதியிலுள்ள பாடல் பெற்ற தலமான இலுப்பைப்பட்டு, காரைக்குடி அருகிலுள்ள நகரத்தார் கோயில் ஊரான இலுப்பைக்குடி போன்ற ஊர்ப்பெயர்கள் இம்மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. பூவை உணவாக்கும் வழக்கம் சர்க்கரை மலிவானபின் அருகிவிட்டது.

மணப்பாகு

சித்த மருத்துவத்தில் மூலிகைச் சாற்றையோ குடிநீரையோ சர்க்கரையுடன் சேர்த்துப் பாகு பதத்தில் இறக்கும் மருந்து மணப்பாகு எனப்படும். செம்பருத்திப்பூ மணப்பாகு, ஆடாதோடை மணப்பாகு, மாதுளை மணப்பாகு ஆகியவை நன்கு அறியப்பட்டவை. இவற்றுள் செம்பருத்திப்பூ மணப்பாகு செய்முறையில் பூப்பாகுக்கு மிக நெருங்கியது. ஆனால் இது தேனுக்கு மாற்றாக அன்றி, மருந்தாகவே அளவறிந்து கொடுக்கப்படுகிறது.

குல்கந்து

ரோசா இதழ்களையும் சர்க்கரை அல்லது கற்கண்டையும் அடுக்கடுக்காக இட்டு, சில வாரங்கள் வெயிலில் வைத்துப் பதப்படுத்துவது குல்கந்து ஆகும். பாரசீக மொழியில் "குல்" என்பது மலரையும் "கந்த்" என்பது சர்க்கரையையும் குறிக்கும். இதில் இதழ் வடிக்கப்படாமல் அப்படியே இருப்பதாலும், அடுப்பில் காய்ச்சப்படாததாலும் இது பூப்பாகிலிருந்து வேறுபடுகிறது.

மதுரை வட்டாரம்

மதுரையும் அதனைச் சூழ்ந்த சமவெளியும் மலர் வேளாண்மைக்குப் பெயர்பெற்றவை. மதுரை மல்லிக்கு 2013 இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மதுரை மாட்டுத்தாவணியிலும் திண்டுக்கல் மாவட்டத்தின் நிலக்கோட்டையிலும் பெரிய பூச்சந்தைகள் உள்ளன. 2011 இல் மதுரை மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட ஆனையூர் முதலிய புறநகர்ப் பகுதிகளில், வீட்டு முற்றங்களில் செம்பருத்தியும் வேலிகளில் சங்குப்பூவும் வளர்ப்பதைக் காணலாம். ஆவாரை மழை குறைந்த தரிசு நிலங்களில் தானாக வளர்கிறது.

இவ்வட்டாரத்தில் பூப்பாகு செய்ய விரும்புவோர் ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். சந்தைக்கு வரும் மல்லிகையும் ரோசாவும் மாலைக்கும் கூந்தலுக்கும் பூசைக்கும் என விளைவிக்கப்படுபவை. உணவுக்கென விளைவிக்கப்படுபவை அல்ல. அவற்றின்மீது தெளிக்கப்படும் பூச்சிக்கொல்லிகளின் எச்சம் இதழ்களில் தங்கக்கூடும். கழுவுவதால் அது முற்றிலும் நீங்காது. எனவே சந்தைப் பூக்கள் மலிவாகக் கிடைப்பினும், மருந்து தெளிக்காத வீட்டுச் செடிகளின் பூக்களே பாகுக்கு ஏற்றவை.

பயன்படும் மலர்கள்

- செம்பருத்தி: ஐந்து தனி இதழ்கள் கொண்ட சிவப்பு வகை. காம்பு, புல்லிவட்டம், மகரந்தத் தண்டு ஆகியவற்றை நீக்கி இதழை மட்டும் எடுப்பர்.
- சங்குப்பூ: நீல நிறம் தரும். எலுமிச்சைச் சாறு சேர்ந்ததும் நீலம் ஊதாவாக மாறும். இதிலுள்ள ஆந்தோசயனின் நிறமி அமிலத்தைக் காட்டும் குறிகாட்டியாகச் செயற்படுவதே காரணம்.
- பன்னீர் ரோசா: மணம் மிகுந்தது.
- ஆவாரம்பூ: பொன்னிறமும் இலேசான துவர்ப்பும் தரும்.
- மல்லிகை: இதன் மணப்பொருட்கள் கொதியில் ஆவியாகிவிடும். ஆதலால் பாகு ஆறியபின் மாலையில் மலரும் மொட்டுகளை இட்டு ஓரிரவு வைத்து, காலையில் வடிப்பர்.

வேப்பம்பூ, முருங்கைப்பூ, வாழைப்பூ, அகத்திப்பூ ஆகியவை உண்ணத்தக்கவை எனினும் சமையலுக்கே ஏற்றவை, பாகுக்குப் பொருந்துவதில்லை.

செய்முறை

செம்பருத்திப் பாகுக்கான பொதுவான முறை வருமாறு:

தேவையானவை: செம்பருத்திப் பூக்கள் 25 முதல் 30 வரை, நீர் 500 மில்லிலிட்டர், சர்க்கரை 500 கிராம், நடுத்தர எலுமிச்சம்பழம் 1.

- இதழ்களைப் பிரித்து, பூச்சிகளை நீக்கி, நீரில் அலசிக்கொள்ளவும்.
- நீரைக் கொதிக்கவைத்து அடுப்பை அணைத்தபின் இதழ்களை இட்டு மூடி, 20 நிமிடம் ஊறவிடவும். நெடுநேரம் கொதிக்கவிட்டால் கொழகொழப்பும் துவர்ப்பும் மிகும்.
- மெல்லிய துணியில் வடிக்கவும்.
- பயன்படுத்தப்போகும் பாத்திரத்தின் எடையை முதலில் குறித்துக்கொள்ளவும். அதில் வடிநீர், சர்க்கரை, வடிகட்டிய எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைச் சேர்த்துச் சிறுதீயில் காய்ச்சவும்.
- ஏறத்தாழ அரை மணி நேரமாவது மெதுவாகக் கொதிக்க வேண்டும். சர்க்கரை பிளவுபட இக்கால அளவு தேவை. விரைவில் சுண்டினால் சிறிது வெந்நீர் சேர்த்துத் தொடரலாம்.
- ஒரு கம்பிப் பதத்தைச் சற்றே தாண்டியதும் இறக்கி, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் ஊற்றவும்.

பதத்தை எடையாலும் அறியலாம். 500 கிராம் சர்க்கரை இட்ட பாகு, பாத்திரத்தின் எடை நீங்கலாக 625 கிராம் நிற்குமாயின் அதில் சர்க்கரை ஏறத்தாழ 80 விழுக்காடு ஆகும்; இது தேனின் அடர்த்தியை ஒட்டியது. 670 கிராம் நின்றால் ஏறத்தாழ 75 விழுக்காடு. சர்க்கரை முழுவதும் பிளவுபட்டிராது என்பதால், வீட்டில் செய்வோர் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அளவில் நிறுத்துவது நன்று. சூடான பாகு ஆறியதைவிட இளகித் தோன்றும் என்பதையும் நினைவிற்கொள்க.

எலுமிச்சையின் அமிலம் அலுமினியத்துடன் வினைபுரியும். ஆதலால் எவர்சில்வர் பாத்திரமோ மண்சட்டியோ பயன்படுத்த வேண்டும். பாகைக் குளிர்பெட்டியில் வைத்து, ஈரமற்ற கரண்டியால் எடுக்க வேண்டும். புளித்த வாடையோ நுரையோ தோன்றினால் கொட்டிவிட வேண்டும்.

தவிர்க்க வேண்டிய மலர்கள்

அழகும் மணமும் உள்ள மலர்கள் எல்லாம் உண்ணத்தக்கவை அல்ல. பூசைக்குப் பயன்படுவது உணவுக்கும் ஏற்றது என்று கொள்வது ஆபத்தானது. பின்வருவன நச்சுத்தன்மை உடையவை:

- அரளி: செவ்வரளி, வெள்ளரளி, மஞ்சள் அரளி ஆகிய அனைத்தும் இதயத் துடிப்பைப் பாதிக்கும் நச்சுகளைக் கொண்டவை. கொதிக்கவைப்பதால் இந்நச்சு அழியாது.
- செங்காந்தள்: தமிழ்நாட்டின் மாநில மலர். கோல்ச்சிசின் என்னும் கொடிய நச்சு உடையது.
- ஊமத்தை: நரம்பு மண்டலத்தைப் பாதித்துப் பிதற்றலையும் மயக்கத்தையும் உண்டாக்கும்.
- எருக்கு: இதன் பால் நச்சுத்தன்மை உடையது.

2024 மே மாதத்தில், கேரளத்தின் திருவிதாங்கூர் தேவசம் வாரியம் தன் கோயில்களில் நிவேதனத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைத் தவிர்க்க முடிவு செய்தது. அரளியை உட்கொண்டதால் ஏற்பட்டதெனக் கருதப்பட்ட ஓர் உயிரிழப்பை அடுத்து இம்முடிவு எடுக்கப்பட்டது. பாகாகக் காய்ச்சும்போது இனிப்பு கசப்பை மறைத்துவிடும் என்பதால், பெயர் உறுதியாகத் தெரியாத எப்பூவையும் பயன்படுத்தலாகாது.

தேனுக்கும் பூப்பாகுக்கும் உள்ள வேறுபாடுகள்

- தேனில் தேனீக்களின் நொதிகள் உண்டு, பூப்பாகில் இல்லை.
- தேனில் மகரந்தத் துகள்கள் இருக்கும். அவற்றைக் கொண்டு எந்நிலத்துத் தேன் என்பதையும் ஓரளவு அறியலாம். வடித்த பாகில் இது இயலாது.
- தேனில் சுக்குரோசு மிகக் குறைவு; வீட்டுப் பாகில் பிளவுபடாத சுக்குரோசு கணிசமாக எஞ்சும்.
- அமிலத்துடன் நெடுநேரம் சூடாக்குவதால் பாகில் ஐதராக்சி மெத்தில் பர்பரால் என்னும் சேர்மம் மிகும். தேன் சூடாக்கப்பட்டதா என்பதை அறிய ஆய்வகங்கள் அளப்பதும் இச்சேர்மத்தையே.

சட்டமும் கலப்படமும்

பன்னாட்டு உணவுத் தர நெறித் தொகுப்பின்படி தேன் என்பது தேனீக்களால் உருவாக்கப்படும் இயற்கை இனிப்புப் பொருள். அதனுடன் வேறெதையும் சேர்த்தல் கூடாது. இந்தியாவில் 2006 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டத்தின் கீழ் தேனுக்கான தர வரையறைகள் உள்ளன. எனவே பூப்பாகைத் தேன் என்னும் பெயரில் விற்பது சட்டத்திற்குப் புறம்பானது. "செம்பருத்திப் பாகு" என அதன் உண்மைப் பெயரில், உரிய பதிவுடனும் முகப்புச்சீட்டுடனும் விற்கத் தடையில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லைப் பற்றியதன்று. புது தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2020 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வில், 13 வணிகப் பெயர்களில் விற்கப்பட்ட தேன்களுள் 3 மட்டுமே அணுக்கரு காந்த ஒத்ததிர்வுச் சோதனை உட்பட அனைத்துச் சோதனைகளிலும் தேறின. கரும்பும் மக்காச்சோளமும் மற்றப் பெரும்பாலான பூச்செடிகளிலிருந்து வேறுபட்ட ஒளிச்சேர்க்கை முறை உடையவை. ஆகவே அவற்றின் சர்க்கரையைக் கரிம ஓரிடத்தான் சோதனையால் எளிதில் கண்டறியலாம். அரிசியிலிருந்து பெறும் பாகு இச்சோதனைக்குத் தப்பிவிடும் என்பதாலேயே நுட்பமான சோதனைகள் தேவைப்பட்டன. மலிவான பாகு தேனாக விற்கப்படும்போது, வாங்குவோர் ஏமாறுவதுடன் தேனீ வளர்ப்போருக்கும் உரிய விலை கிடைப்பதில்லை. தேனீ வளர்ப்பு குறைந்தால் மகரந்தச் சேர்க்கையை நம்பியுள்ள பயிர்களும் பாதிக்கப்படும்.

தண்ணீரில் ஒரு துளி விட்டுப் பார்ப்பது, காகிதத்தில் ஊறுகிறதா எனப் பார்ப்பது போன்ற வீட்டுச் சோதனைகள் பாகின் அடர்த்தியை மட்டுமே காட்டுபவை. நன்கு சுண்டக் காய்ச்சிய பூப்பாகும் இச்சோதனைகளில் தேறிவிடும்.

உடல்நலம்

பூப்பாகு பெரும்பாலும் சர்க்கரையே ஆதலால், நீரிழிவு உடையோருக்குச் சர்க்கரையைவிட இது நல்லதாகாது. தேனுக்குக் கூறப்படும் மருத்துவக் குணங்களை இதற்கு ஏற்றிக் கூறுவதும் பொருந்தாது. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தேன் கொடுக்கலாகாது. அதிலிருக்கக்கூடிய பொட்டுலினம் நுண்ணுயிரின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கக்கூடும். வெளியில் விளைந்த மலர்களிலும் மண்ணிலிருந்து இவ்வித்துகள் படியலாம். கொதிநீர் வெப்பத்தில் அவை அழிவதில்லை. எனவே இப்பாகையும் அவ்வயதினருக்குக் கொடுக்காதிருத்தல் வேண்டும். மகரந்த ஒவ்வாமை உடையோர் முதலில் மிகச் சிறிய அளவிலேயே உட்கொள்ள வேண்டும்.

இவ்வரம்புகளுக்குட்பட்டு, பூப்பாகு குளிர்ந்த நீரிலோ பாலிலோ கலந்து பருகவும், தோசை, ரொட்டி முதலியவற்றுடன் தொட்டு உண்ணவும் ஏற்ற பண்டமாகும்.